குடிவழி அறிதல்

தந்தையின் பெயரை அறியாத மாணவர் இலர். பாட்டனார் பெயரையும் பலர் அறிவர். பாட்டனாரின் தந்தையாகிய பூட்டனார் பெயரைக் கேட்டால் வகுப்பிற் பாதிப்பேர் விழிப்பர். பூட்டியின் பெயரைக் கேட்டாலோ வகுப்பு முழுதும் அமைதியாகிவிடும். இத்தனைக்கும் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள்.

குடிவழி அறிய விரும்புவோர் முதலில் வீட்டு முதியோரை அணுகுதல் வேண்டும். ஏட்டுச் சான்றுகளைப் பின்னரும் தேடலாம். முதியோர் நினைவோ அவர்களோடு மறைந்துவிடும். அவர்களிடம் ஆங்கில ஆண்டு கேட்டுப் பயனில்லை. எவ்வூரில் பெண் கொண்டோம், குலதெய்வக் கோயில் எங்குள்ளது என்று வினவுக. அக்கோயில் தொலைவில் இருப்பின், முன்னோர் அவ்வூரினின்று பெயர்ந்து வந்தனரோ என ஆராய இடமுண்டு.

முதியோர் காலத்தை நிகழ்ச்சிகளால் அளப்பர். 'தாது வருடப் பஞ்சத்திற் பிறந்தவர்' என்பர். தாது ஆண்டு 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. பஞ்சம் என்னும் சொல் முன்னதைக் காட்டிவிடும். பழைய சாதகக் குறிப்பில் 'விக்கிரம ஆண்டு' என்று மட்டும் இருப்பின் என் செய்வது? அது 1880-ஆகவும் இருக்கலாம், 1940-ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டில் வியாழனும் சனியும் ஏறக்குறையப் பழைய இடத்திற்கே மீள்வதால் அவற்றைக் கொண்டு துணிய இயலாது. இராகுவோ ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 18½ ஆண்டு கொள்ளும். ஆதலின் அது நின்ற இராசியே உண்மையைக் காட்டும்.

அடுத்த சான்று பத்திரம். பழைய கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் பெயரோடு அவரவர் தந்தை பெயரும் ஊரும் காணப்படும். பாகப்பிரிவினைப் பத்திரமாயின் உடன்பிறந்த ஆடவர் அனைவரையும் ஒருங்கே காணலாம்.

நிலமில்லாதார்க்குப் பத்திரம் ஏது? அவருள் ஒருசாரார்க்கு வேறோர் ஆவணம் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தோரைப் பற்றியது அது. சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், 1860 நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோரின் கப்பற் பட்டியல்களில் பெயர், வயது, ஊர், உடலிலுள்ள அடையாளம் முதலியன எழுதப்பட்டன. மொரீசியசுத் தீவிற்குச் சென்றோரின் பதிவேடுகளை அங்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வருகின்றது. இவற்றை ஆதாரமாகக் கொண்டு மூதாதையர் ஊரைத் தேடி வருவோர் உளர். ஊர்ப்பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் செய்த சிதைவு அவர்களை அலைக்கழிக்கும். பழைய வட்டப் பெயரோடு ஒப்பிட்டே தெளிதல் வேண்டும்.

இத்தனை ஏடுகளிலும் ஒரு பெருங்குறை உண்டு. மகளிர் பெயர் அருகியே காணப்படும். காணப்படினும் 'இன்னார் மனைவி' என்ற அளவில் நின்றுவிடும். இக்குறையை ஓரளவு தீர்ப்பவை சமையலறைப் பாத்திரங்களே! திருமணச் சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களிற் பெயர் வெட்டுதல் நம் வழக்கம். எம் இல்லத்தில் ஒரு பித்தளைத் தவலை உண்டு. அதன் கழுத்தில் என் பூட்டியின் பெயரும் அவர் பிறந்த ஊரும் வெட்டப்பட்டுள்ளன. அப்பெயர் எங்கள் பத்திரம் எதிலும் இல்லை. பழம்பாத்திரங்களை எடைக்குப் போடுமுன், புளியிட்டுத் துலக்கிக் கழுத்தையும் அடியையும் ஒருமுறை படித்துப் பார்க்க.