அம்பு இருக்கு... போர் இல்லை!

‘‘கரெக்ட் பண்ணிட்டேன் மச்சி!’’ - கேன்டீன்ல இந்த டயலாக் கேட்காத காலேஜ் உண்டா? ஏதோ கப் ஜெயிச்ச மாதிரி ஒரு பந்தா! அப்படி ஒரு ஆள் உங்க கேங்ல இருந்தா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவர் நோட்டுக்குள்ளே வெச்சிடுங்க பாஸ்.

ஏன்னா, கப்புக்கு நாம சொல்ற ‘டிராஃபி’ங்கிற வார்த்தையே போர்க்களத்துல பிறந்தது. பழைய கிரேக்கத்துல, எதிரி புறமுதுகு காட்டின இடத்துல ஒரு மரத்தை நட்டு, அவனோட கவசம், கேடயத்தை எல்லாம் அதுல மாட்டிவைப்பாங்க. ‘இங்கே நாங்க ஜெயிச்சோம்’னு ஊருக்கே அறிவிப்பு!

இப்போ நேரா 18-ம் நூற்றாண்டு பாரிஸுக்கு வாங்க. அங்கே இருந்த அலங்கார ஓவியர்கள் இந்த டிராஃபியை வெச்சு ஒரு விளையாட்டு விளையாடினாங்க. 1734-ல் பாரிஸ்ல பிறந்த ஷான் ஷார்ல் தெலாஃபோஸ் அவங்கள்ல ஒருத்தர். போர், வேட்டைன்னு டிராஃபி வரைஞ்ச அதே கைகள், காதலுக்கும் இசைக்கும்கூட டிராஃபி வரைஞ்சது.

வாளும் ஈட்டியும் தொங்கின இடத்துல என்ன தொங்குச்சு தெரியுமா? புல்லாங்குழல், வயலின், பாதி விரிஞ்ச இசைத்தாள். கூடவே க்யூபிட்டோட வில்லும் அம்பறாத்தூணியும். அணையாத ஆசைக்கு எரியுற தீப்பந்தம். வீனஸோட பறவைகளான புறா ஜோடி. ரோஜா மாலை. எல்லாத்தையும் சேர்த்துக் கட்ட ஒரு ரிப்பன் முடிச்சு. அம்பு இருக்கு, ஆனா தூணிக்குள்ளே தூங்குது!

இதெல்லாம் ஃப்ரேம் போட்டு மாட்ட மட்டும் பிறந்த படங்கள் இல்லை. செப்புத் தகட்டுல கோடு கோடா செதுக்கி, அந்தப் பள்ளத்துல மை நிரப்பி, மேலே இருக்கிறதைத் துடைச்சிட்டு, ஈரமான காகிதத்தை வெச்சு உருளைக்கு நடுவுல அழுத்தி எடுப்பாங்க. ஒரே தகட்டுல இருந்து நிறைய பிரதிகள். தச்சரும் பொற்கொல்லரும் வாங்கிட்டுப் போய், அதைப் பார்த்து நாற்காலியிலயும் நகைப்பெட்டியிலயும் செதுக்குவாங்க. அந்தக் காலத்து ‘ஃபார்வர்ட்’ மெசேஜ்னு வெச்சுக்கோங்களேன்!

சரி, காதலுக்குப் பக்கத்துல எதுக்கு இசை? அதே நாட்டு ஓவியர் வாத்தோ, 1717 வாக்குல வரைஞ்ச ஒரு படம் பதில் சொல்லுது. பேரு, ‘காதலின் ஸ்வரவரிசை’. லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. பூங்காவுல ஒரு ஜோடி. அவன் கையில கிடார். அவ கையில இசைப் புத்தகம். அவன் வாசிக்கணும்னா அவ புத்தகத்தைப் பிடிச்சிருக்கணும். இதுல யார் ஜெயிச்சது, யார் தோத்தது? 1721-ல், 36 வயசுலயே வாத்தோ இறந்துட்டார். நண்பர் ஷான் த ஜூலியன்தான் அவரோட படைப்புகளைச் செதுக்குச் சித்திரங்களா அச்சடிச்சு நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நட்புக்கும் ஒரு டிராஃபி உண்டுங்க!

இசையில ஒருத்தர் ஸ்ருதியை இன்னொருத்தர் காது கொடுத்துக் கேட்டே ஆகணும். கேட்காம வாசிச்சா அது சத்தம்தான். காதலும் அப்படித்தானே? ‘மடக்கிட்டேன்’, ‘விழவெச்சுட்டேன்’ எல்லாம் எதிரியோட கவசத்தை மரத்துல மாட்டுறவன் பேசுற பாஷை. அவளும் ‘சரி’ன்னு சொன்னா மட்டும்தான் அது பாட்டு. ‘வேண்டாம்’னு சொன்னா, அதையும் காது கொடுத்துக் கேட்கத் தெரியணும்.

அடுத்த தடவை கேன்டீன்ல அந்த டயலாக் காதுல விழுந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க...

‘‘மச்சி, அவ என்ன சொன்னா?’’