மீன்தொட்டிக் கண்ணாடி விரிசலைச் சீரமைத்தல்

மீன்தொட்டியில் நீர் கசிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கண்ணாடிகளை இணைக்கும் பசை விட்டுப்போவது. மற்றொன்று, கண்ணாடியே விரிசல் விடுவது. தொட்டியின் கீழே ஈரம் தெரியும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பசை இணைப்பைப் பிரித்துப் புதிதாக ஒட்டிவிடலாம். விரிசல் விட்ட கண்ணாடியோ, மேலே எவ்வளவு பசை பூசினாலும் பழைய வலுவைப் பெறாது.

விரிசல் ஏன் வளர்கிறது

60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலம், 30 செ.மீ உயரம் கொண்ட தொட்டி விளிம்புவரை நிரம்பினால் 54 லிட்டர் நீர் பிடிக்கும். அதன் முன்பக்கக் கண்ணாடியை நீர் ஏறத்தாழ 27 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் வெளியே தள்ளுகிறது. உயரத்தை மட்டும் 60 செ.மீ ஆக்கினால் அந்த விசை நான்கு மடங்காகி, 108 கிலோ அளவுக்குப் போய்விடும். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுவதும், தள்ளப்படும் பரப்பு பெரிதாவதும் சேர்ந்து இப்படி ஆகிறது.

முழுக் கண்ணாடி இந்த விசையைப் பரவலாகத் தாங்கிக்கொள்ளும். விரிசல் இருந்தால் தகைவு முழுவதும் அதன் கூர்முனையில் குவிகிறது. கண்ணாடியின் வலுவைக் குறைப்பவை இத்தகைய நுண்ணிய கீறல்களே என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1920இல் விளக்கினார். மீன்தொட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. விரிசலின் முனையில் புகும் நீர், கண்ணாடியிலுள்ள சிலிக்கன்-ஆக்சிசன் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. இதனால் பல நாட்கள் அசையாமல் இருந்த விரிசல் திடீரென ஓடக்கூடும். "ஒரு மாதமாக அப்படியேதான் இருக்கிறது" என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் செய்ய வேண்டியவை

நீரில் கை வைக்கும் முன் விளக்கு, வடிகட்டி, சூடேற்றி அனைத்தின் மின்னிணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் நீர்மட்டத்தை விரிசலுக்குக் கீழே இறக்க வேண்டும். வெளியேற்றும் நீரைக் கொட்டிவிடாமல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து அதிலேயே மீன்களை விடலாம். காற்றுக்குழாய் போட்டால் சில நாட்கள் தாங்கும். வடிகட்டியின் பஞ்சையும் அதே நீரில் போட்டு வைப்பது அவசியம். காய்ந்துபோனாலோ குழாய்நீரில் கழுவினாலோ, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். தொட்டி சரியாகி மீன்கள் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

சீரமைக்கும் முறை

சிறிய தொட்டியில், மூலையை எட்டாத சிறு விரிசலுக்கு மட்டும் ஒட்டு போடலாம். அதே தடிமனுள்ள கண்ணாடித் துண்டை, விரிசலைத் தாண்டிச் சில செ.மீ நீளுமாறு வெட்டி, உட்புறமாக ஒட்ட வேண்டும். வெளிப்புறத்தில் ஒட்டினால் நீர் அதைத் தள்ளிப் பிரிக்கப் பார்க்கும். உட்புறத்தில் நீரே அதை அழுத்திப் பிடிக்கும். அடிக்கண்ணாடி கீறியிருந்தால் உள்ளளவுக்கு ஒரு முழுக் கண்ணாடியை அதன்மேல் ஒட்டுவது நல்லது. பெரிய தொட்டிக்கு ஒட்டு வேலை வேண்டாம். கண்ணாடியையே மாற்றுவதுதான் முறை. கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தால் வெட்டி, ஓரம் தேய்த்துத் தருவார்கள்.

ஒட்டுவதற்குப் பயன்படுவது சிலிக்கோன் பசை. கடைகளில் சிலிகான் என்றே கேட்பார்கள். வாங்கும்போது மீன்தொட்டிக்கு உகந்தது என்று அட்டையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். குளியலறைக்கான வகைகளில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். அது மீனுக்கும் நஞ்சு. புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோன் மீது சரியாகப் பிடிக்காது. ஆகவே பழையதைச் சவர பிளேடால் துளியும் மிஞ்சாமல் சுரண்டி, அசிட்டோன் தொட்டுத் துடைக்க வேண்டும். வேலையில் அதிக நேரம் பிடிப்பது இந்தச் சுரண்டல்தான். அவசரப்பட்டவர்களின் தொட்டி மறுபடி கசியும்.

பசை பூசியதும் வினிகர் போன்ற நெடி வரும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலத்தின் மணம் அது. மேற்பரப்பு சீக்கிரம் தோல் கட்டினாலும் உள்ளே இறுக நாளாகும். ஒரு வாரம் விட்டுவைப்பது பாதுகாப்பு.

மீண்டும் நிரப்புதல்

தொட்டி வைக்கும் பலகை சமமாக இருக்க வேண்டும். அடியில் சிக்கிய ஒரு சிறு கல்லே அடுத்த விரிசலுக்குப் போதும். சட்டமில்லாத தொட்டிகளுக்குக் கீழே தெர்மாகோல் தகடு போடுவது இதற்காகத்தான். முதலில் பாதி நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு நாள் பார்க்கலாம். தாள் நனையாவிட்டால் முழுவதும் நிரப்பி இன்னொரு நாள் விட வேண்டும்.

சோதனை நீரைக் கொட்டிவிட்டு, பிடித்து வைத்த பழைய நீரை ஊற்றி, குறைவதற்கு மட்டும் புதுநீர் சேர்க்க வேண்டும். மன்னார்புரம் உள்ளிட்ட திருச்சி மாநகரப் பகுதிகளுக்குக் காவிரி, கொள்ளிட ஆற்றுப்படுகைக் கிணறுகளின் நீர் குளோரின் கலந்தே வருகிறது. அதை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அவசரமென்றால் மீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் சொட்டு உதவும். பஞ்சை வடிகட்டியில் பொருத்தி ஓடவிட்ட பிறகே மீன்களை விட வேண்டும்.