பத்தாண்டு உறங்கும் செல்

புற்றுநோய் வந்த சிறுநீரகத்தை எடுத்தாகிவிட்டது. ஐந்தாண்டு ஸ்கேன்களிலும் குறை ஏதுமில்லை. பத்தாண்டும் கடந்துவிட்டது. பிறகு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கணையத்தில் ஒரு கட்டி தெரிகிறது. திசுவை எடுத்துச் சோதித்தால் அது கணையப் புற்றுநோய் அல்ல. என்றோ அகற்றிய அதே சிறுநீரகப் புற்றுநோயின் செல்கள்! பெரும்பாலோருக்கு இப்படி நேர்வதில்லை. ஆனால் நேரும்போது, இத்தனை காலம் அவை எங்கே இருந்தன?

சிறுநீரகம் ஒன்றின் எடை சுமார் 150 கிராம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது; நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். கட்டியிலிருந்து நழுவும் செல்லுக்கு வேறு வாகனம் தேவையில்லை. மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே ஒன்றிரண்டு செல்கள் நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.

போன செல் ஸ்கேனில் தெரியாது. மிளகளவுக் கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, கோடியைத் தாண்ட 24 முறை இரட்டிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் இரட்டிக்கிறது என்றால், கணக்குப்படி 12 ஆண்டு!

சில செல்கள் அந்த வேகத்தில்கூடப் பெருகுவதில்லை. பிரிவதையே நிறுத்தி உயிரோடு மட்டும் இருக்கின்றன. இதை உறக்கநிலை என்கிறார்கள். சில சிறு கூட்டங்களாகின்றன. ஆனால் புதிய ரத்தக்குழாய் கிடைக்காமல் ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. இன்னும் சிலவற்றை நம் நோயெதிர்ப்பு ஆற்றலே அடக்கிவைக்கிறது.

அந்தக் காவலின் வலிமையைக் காட்டிய நிகழ்வை ஸ்காட்லாந்து மருத்துவர்கள் 2003இல் பதிவுசெய்தார்கள். இறந்த ஒருவரின் சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்தது. கொடையாளிக்கு அந்த நோய் 16 ஆண்டுகளுக்கு முன்பே அகற்றப்பட்டிருந்தது. அவர் உடல் அடக்கிவைத்திருந்த செல்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொண்ட இருவரிடமும் விழித்துக்கொண்டன.

என்னை மிகவும் வியக்கவைப்பது 2018இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டது. சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பரவலான வகைக்கு முதல் விதை, மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதி தொலைந்துபோவது. பலருக்கு அது சிறுவயதிலோ விடலைப் பருவத்திலோ நிகழ்ந்திருந்தது. நோய் தெரிந்ததோ ஐம்பது அறுபது வயதில். பிறக்கவே பல பத்தாண்டு எடுத்துக்கொள்ளும் நோய், திரும்பிவரவும் பத்தாண்டு எடுத்துக்கொள்வதில் முரண் இல்லை.

தாமதமாக, ஒரே இடத்தில் மட்டும் திரும்பும் கட்டியை மறுபடி அறுவை செய்து அகற்றி நெடுநாள் வாழ்பவர்கள் உண்டு. ஆகவே சிறுநீரகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள், விடாத இருமலோ எலும்பு வலியோ வந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் அந்தப் பழைய அறுவையைப் புதிய மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.