கொழும்புத் திட்டமும் அயலார் கடமையும்

நம் கிராமங்களிற் கதிரறுப்புக் காலம் வந்துவிட்டால், ஒருவர் வயலில் மற்றொருவர் சென்று உழைப்பதும், தமக்கு வேண்டியபோது அவ்வுழைப்பைத் திரும்பப் பெறுவதும் நாம் கண்ட வழக்கமே. இதற்குப் பத்திரமில்லை, சாட்சியில்லை, தவறினவரைத் தண்டிக்கும் நீதிமன்றமுமில்லை. அயலாரின் நாணயம் ஒன்றே பிணையாக நிற்கின்றது. தனி மனிதரிடை நிகழும் இவ்வொழுக்கம் நாடுகளிடையும் நிகழக்கூடுமோ? இவ்வினாவிற்கு விடைகாணும் பொருட்டுக் கொழும்புத் திட்டத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

1950-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், காமன்வெல்த் நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பு நகரிற் கூடினர். இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்பொழுது ஐந்தாண்டுகளும் நிரம்பவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்றும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள். அங்கு மக்கட்டொகை பெரிது, உணவு குறைவு, தொழில் நுணுக்கம் கற்றோரோ மிகச் சிலர். இக்குறையை நீக்கக் கூடி முயலவேண்டும் என்னும் யோசனையை முன்னின்று வற்புறுத்தியவர்கள் இலங்கை நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஆஸ்திரேலிய அமைச்சர் பெர்சி ஸ்பெண்டரும் ஆவர். மேற்கூறிய மூன்று நாடுகளுடன் ஆஸ்திரேலியா, கானடா, நியூஸீலாந்து, பிரிட்டன் என்னும் நான்கும் சேர, 1951 ஜூலை 1-ஆம் நாள் திட்டம் தொடங்கிற்று.

இதன் அமைப்பு கவனித்தற்குரியது. இதற்குப் பெரும் பொதுக் கருவூலம் இல்லை. ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் எவர்க்கும் இல்லை. ஆலோசனைக் குழு கூடும். ஒவ்வொரு நாடும் தான் வகுத்த முயற்சிகளையும் தனக்குள்ள குறைகளையும் அங்கு எடுத்துரைக்கும். அதன்பின் கொடுப்பவரும் பெறுபவரும் இருவராக அமர்ந்து பேசி முடிவு செய்வர். உதவி இரு கிளைப்பட்டது. ஒன்று, இயந்திரம், உணவு முதலிய பொருளுதவி. மற்றொன்று, நிபுணரை அனுப்புதலும் மாணவரை ஏற்றுப் பயிற்றுதலுமாகிய தொழில் நுணுக்க உதவி. இரண்டாவதற்கென்று முதல் மூன்றாண்டுகளுக்கு 80 இலட்சம் பவுன் குறிக்கப்பட்டது. பெறுபவரே கொடுப்பவராகவும் இருக்கலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. கானடாவின் உதவியைப் பெற்ற இந்தியா, தன் அயல்நாட்டு மாணவர்க்குத் தன் கல்லூரிகளில் இடமளித்தது.

கோதுமை அணையான விந்தையையும் கூறுவோம். கானடா நமக்குக் கோதுமையை நன்கொடையாக அளித்தது. அதனை விற்றுக் கிடைத்த ரூபாயை அரசாங்கம் தனியே ஒதுக்கி, மயூராட்சி நதித் திட்டத்திற் செலவிட்டது. ஒரே கொடை முதலில் பசியைத் தீர்த்தது; பின்னர் நீரைத் தேக்கிற்று. மசஞ்சோரில் 1955-இல் முடிந்த அவ்வணை இன்றும் கானடா அணை எனவே வழங்குகின்றது. நம் நீலகிரியிலுள்ள குந்தா நீர்மின் நிலையமும் அந்நாட்டின் உதவியால் எழுந்ததே. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திற்கு நியூஸீலாந்து பத்து இலட்சம் பவுன் அளித்தது.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. 1942 ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பு நகரின்மீது குண்டு வீசின. பன்னிரண்டாண்டுகள் கழிந்து, 1954 அக்டோபர் 6-ஆம் நாள், அதே ஜப்பான் அந்நகரின் பெயர் தாங்கிய திட்டத்திற் சேர்ந்து, பிற நாடுகளுக்கு உதவி செய்யத் தொடங்கிற்று. பகைவரை அயலாராக்கும் ஆற்றல் இத்தகைய கூட்டுறவிற்கு உண்டு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நிற்க, இதன் குறையையும் மறைத்தலாகாது. அமைதிப் பணிகட்கே பயன்படுத்தப்படும் என்னும் உறுதியின்பேரில், கானடா 1956-இல் டிராம்பேயிலுள்ள அணு உலைக்கு உடன்பட்டது. அவ்வுலையிற் கிடைத்த புளூட்டோனியமே 1974-இல் பொக்ரானில் நிகழ்ந்த சோதனைக்குப் பயன்பட்டது. அஃது அமைதிக்கான வெடிப்பே என்றது இந்தியா. வாக்குத் தவறியது என்றது கானடா. அணுத் துறையில் இரு நாட்டுக் கூட்டுறவும் முறிந்தது. கட்டாயமின்மை இத்திட்டத்தின் வலிமை. அதுவே அதன் மெலிவுமாம். உடன்படிக்கையின் சொற்களை இருவரும் ஒரே பொருளிற் கொள்ளாவிடில், வழக்குத் தீர்க்க இங்கு நடுவர் இல்லை.

ஆயினும், ஆறாண்டுகட்கென வகுத்த இத்திட்டம் பன்முறை நீட்டிக்கப்பெற்று, 1980-இல் கால வரையறையற்றதாயிற்று. பிரிட்டனும் கானடாவும் பின்னர் விலகின. எனினும் இருபதிற்கு மேற்பட்ட நாடுகள் இன்றும் இதில் அங்கம் வகிக்கின்றன. கட்டாயம் இல்லாதிருந்தும் இத்துணைக் காலம் நிலைத்தது, அதனால் விளைந்த பயனை நாடுகள் கண்டமையாலன்றோ?

நல்ல சமாரியன் கதையை நாம் இளமைமுதற் கேட்டிருக்கின்றோம். வழியிற் கிடந்தவனுக்கு உதவியவன் பத்திரம் எழுதி வாங்கவில்லை. ஆனால் உதவி பெற்றவன் எழுந்து நடந்தபின் என் செய்தான் என்பதைக் கதை கூறவில்லை. அதனைக் கூறவேண்டியவர் பெற்றவரே. பிறர் உதவியாற் கல்வி பெறும் மாணவராகிய நாமும், பெற்றதை நம்மினும் எளியார்க்கு வழங்கி அக்கதையை முடித்துவைப்போமாக.