புதிய இயங்குதளமும் பழைய எந்திரமும்: அம்பத்தூர் – ஆவடி – பூந்தமல்லி வட்டாரச் சிறுதொழிலகங்களில் கணினி மேம்பாட்டின் பாதுகாப்புச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

2025 அக்டோபர் 14 அன்றுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அலுவலகக் கணினியும் உலோகம் கடையும் சி.என்.சி. எந்திரமும் ஒரே வலையமைப்பில் இணைந்துள்ள சிறுதொழிலகங்களில் இம்மாற்றம் எழுப்பும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது. அலுவலகக் கணினியைப் புதுப்பிப்பதால் கிடைக்கும் காப்பு, அதைப் பழைய எந்திரத்தோடு மீண்டும் இணைக்கும் முறையைப் பொறுத்தே நிலைபெறும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், பாதுகாப்புத் திருத்தம், கோப்புப் பகிர்வு நெறிமுறை, சி.என்.சி. எந்திரம், சிறுதொழில்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர் உலோகத் தொழிலால் வளர்ந்த பகுதி. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதே பத்தாண்டுக் காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. பின்னர் பூந்தமல்லிக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை மோட்டார் வாகன ஆலைகள் பரவின. இவ்வாலைகளுக்கு உதிரிபாகங்களை ஜாப் ஒர்க் முறையில் செய்துதரும் சிறு நிறுவனங்களே இவ்வட்டாரத்தின் முதுகெலும்பு எனலாம்.

இத்தகைய தொழிலகங்களில் இருவகைக் கணினிகள் உள்ளன. முன்னறையில் இருப்பது பில் போடவும், சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவும், வங்கிப் பரிமாற்றத்திற்கும், வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்களைப் பெறவும் பயன்படுவது. மற்றொன்றைக் கணினி என்று பலர் எண்ணுவதே இல்லை. அது எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. சான்றாக, சீமென்ஸ் நிறுவனத்தின் சினுமெரிக் 840டி கட்டுப்பாட்டகத்தில் இயக்குபவர் காணும் திரைப்பகுதி விண்டோஸ் என்.டி., விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றில் இயங்கியது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், அதன் உட்பொதி வடிவத்திற்கான ஆதரவு 2016 ஜனவரி 12-இலும் முடிவுற்றன. எந்திரமோ ஒழுங்காகப் பராமரித்தால் இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடியது. மென்பொருளின் ஆயுளும் இரும்பின் ஆயுளும் ஒத்துப்போகாததே இச்சிக்கலின் வேர்.

2017 மே மாதத்துப் பட்டறிவு

2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஒரகடத்திலுள்ள ரெனால்ட்-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. உதிரிபாகங்களை இருப்பு வைக்காமல் அன்றன்று பெற்றுக்கொள்ளும் உற்பத்தி முறையில், பெரிய ஆலை நின்றால் அதற்கு வழங்கும் பட்டறையும் நிற்கும். பட்டறை நின்றால் ஆலையும் தடுமாறும்.

எக்ஸ்பி போன்ற வழக்கொழிந்த இயங்குதளங்களே அத்தாக்குதலுக்குக் காரணம் என்ற கருத்து இன்றும் நிலவுகிறது. இது முழு உண்மையன்று. தொற்றுக்குள்ளான கணினிகளில் 98 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை விண்டோஸ் 7 கொண்டவை எனக் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் தரவு காட்டியது. விண்டோஸ் 7 அப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் நீட்டிப்பு ஆதரவில் இருந்தது. தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தமும் 2017 மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. ஆதரவில் உள்ள இயங்குதளத்தை வைத்திருப்பது வேறு, திருத்தங்களை நிறுவிக்கொள்வது வேறு.

எக்ஸ்பிக்கு நேர்ந்தது வேறுவகை. ஆய்வாளர்கள் சோதித்தபோது எக்ஸ்பி கணினிகள் பெரும்பாலும் தொற்றை ஏற்காமல் நீலத்திரையுடன் முடங்கின. அலுவலக மேசையில் இது சிறு இடையூறு. எந்திர அறையில் அப்படியன்று. திரைப்பகுதி முடங்கினாலும் வெட்டும் வேலை தனிச் செயலியில் தொடரும்படி அமைந்த கட்டுப்பாட்டகங்கள் உள்ளன. அந்நிலையில் எந்திரம் ஓடும். அது என்ன செய்கிறது என்பது இயக்குபவருக்குத் தெரியாது. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துவதே எஞ்சும் வழி.

மேம்பாட்டிற்குப் பின் திறக்கப்படும் கதவு

வான்னாகிரை நுழைந்தது எஸ்.எம்.பி. எனப்படும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பு வழியாக. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அம்முதல் பதிப்பு மட்டுமே. மைக்ரோசாப்ட் 2017 அக்டோபர் முதல் இப்பதிப்பை விண்டோஸின் இயல்பு நிறுவலிலிருந்து படிப்படியாக நீக்கிவந்தது. 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், தொழில்முறைப் பதிப்புகள் கையொப்பமிடப்பட்ட இணைப்பை இயல்பாகவே கோருகின்றன. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வுக்கு அங்கு இடமில்லை.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. முன்னறைக் கணினியில் விண்டோஸ் 11 நிறுவப்படுகிறது. மறுநாள் காலை எந்திரத்தின் ப்ரோக்ராம் கோப்புறை திறக்கவில்லை. ஷிப்ட் தொடங்கிவிட்டது, பணித்துண்டு பொருத்தப்பட்டுக் காத்திருக்கிறது. பழுது பார்க்க வருபவர் விண்டோஸ் கூறுகள் பட்டியலில் முதல் பதிப்புக்கான பெட்டியில் குறியிடுகிறார். கையொப்பக் கட்டாயத்தையும் தளர்த்துகிறார். ஐந்து நிமிடத்தில் கோப்புறை திறந்துவிடுகிறது. அவரைக் குறைகூற இயலாது. அவரிடம் கேட்கப்பட்டது அதுவே.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அப்பெட்டியில் மொத்தமாகக் குறியிட்டால் பெறுவோன் பகுதி, வழங்கி பகுதி இரண்டும் நிறுவப்படும். எந்திரத்தின் கோப்புறையை முன்னறையிலிருந்து திறப்பதற்குப் பெறுவோன் பகுதியே போதும். முன்னறைக் கோப்புறையை எந்திரம் வந்து படிக்கும் அமைப்பில் மட்டுமே வழங்கி தேவைப்படும். திருத்தம் பெற்ற புதிய கணினியை 2017-இன் ஓட்டை தாக்காது என்பது உண்மை. ஆயினும் முதல் பதிப்பில் மறையாக்கம் இல்லை. மறுமுனையில் உள்ள எக்ஸ்பி திறந்தே கிடக்கிறது. மின்னஞ்சலும் இணையமும் உள்ள கணினி அதற்குப் பாலமாகிவிடுகிறது. எக்ஸ்பிக்கு 2017 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் விதிவிலக்காக ஓர் அவசரத் திருத்தம் அளித்தது. எந்திரக் கட்டுப்பாட்டகத்தில் அதை நிறுவ உற்பத்தியாளரின் ஒப்புதல் தேவைப்படுவதால் பல பட்டறைகள் தயங்குவது இயல்பே.

செலவு பற்றிச் சில

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு தேவை. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவையே ஏற்கப்படுகின்றன. பழைய கணினியை வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனம் நீட்டிப்புத் திருத்தங்களைக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர் கொடுத்துப் பெறலாம். இக்கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிக்கும். மூன்றாண்டுக்கு 427 டாலர். இரண்டாம் ஆண்டில் சேர்பவரும் முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். மூன்றாண்டும் இவ்வழியில் செல்வதைவிடப் புதிய கணினி வாங்குவதே பல நிறுவனங்களுக்குப் பொருத்தம். ஓராண்டு அவகாசம் வேண்டுவோர்க்கு மட்டும் நீட்டிப்பு பயன்படும்.

லினக்ஸ் வழியும் உண்டு. 2014-இல் எக்ஸ்பியின் ஆதரவு முடிவுறும் தறுவாயில் தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. கணக்கு மென்பொருளும் வரைபட மென்பொருளும் விண்டோஸையே சார்ந்துள்ள சிறுதொழிலகத்தின் முன்னறைக்கு அது உடனடித் தீர்வாகாது. ஆனால் வேறோர் இடத்தில் லினக்ஸ் பொருந்துகிறது.

இடைக்கணினி

முன்னறைக்கும் எந்திரத்திற்கும் நடுவே இரு வலையமைப்பு அட்டைகள் கொண்ட ஒரு சிறு லினக்ஸ் கணினியை வைக்கலாம். அதன் ஓர் அட்டை எந்திரத்தோடு மட்டும் பழைய நெறிமுறையில் பேசும். மற்றொன்று முன்னறையோடு மூன்றாம் பதிப்பில் பேசும். இரண்டுக்கும் இடையே வேறெந்தப் போக்குவரத்தும் கடக்காது. விண்டோஸ் 11-க்குத் தகுதிபெறாத பழைய கணினியே இதற்குப் போதுமானது. சீரியல் கம்பி வழியாக ப்ரோக்ராம் ஏற்றும் பழைய முறையைக் கைவிடாத பட்டறைகளுக்கு இதுவும் தேவையில்லை.

பென் டிரைவ் மூலம் கொண்டுசெல்வது பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சில்லு ஆலையில் நேர்ந்தது இங்கு நினைக்கத்தக்கது. புதிய கருவி ஒன்றுக்கு மென்பொருள் நிறுவியபோது, சோதிக்கப்படாமல் நுழைந்த வான்னாகிரையின் திரிபு திருத்தம் பெறாத விண்டோஸ் 7 எந்திரங்களுக்குப் பரவியது. அக்காலாண்டு வருவாயில் ஏறத்தாழ 3 விழுக்காடு பாதிக்கப்படும் என அந்நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. தாக்குதல் இணையத்திலிருந்து வரவில்லை, கையோடு வந்தது.

இடைக்கணினிக்கு மற்றொரு பயனும் உண்டு. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகள், இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும், கணினிப் பதிவுகளை 180 நாள் பேணவும், கடிகாரங்களை ஒத்திசைக்கவும் நிறுவனங்களைக் கோருகின்றன. எக்ஸ்பி எந்திரத்தின் பதிவேடு இதற்கு உதவாது. அதன் கடிகாரமே பல சமயம் தவறான நாளைக் காட்டும். எந்தக் கோப்பு எந்த மணிக்கு எந்திரத்திற்குச் சென்றது என்பதை இடைக்கணினி மட்டுமே சரியான நேரத்துடன் பதிந்து வைத்திருக்கும்.