தேய்ந்த பல்லுக்கு இடம்

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையிலே அனுப்பர்பாளையம் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர் அது. சுற்றிலும் பனியன் கம்பெனிகளும் சாயப் பட்டறைகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே உழைப்பவர்களின் கூலியைப் பற்றியும், வேலை நேரத்தைப் பற்றியும், நொய்யல் நதியில் கலந்த சாய நீரைப் பற்றியும் பத்திரிகைகள் நிரம்ப எழுதியிருக்கின்றன. அவர்களுடைய பல்லைப் பற்றி எழுதக் காண்பது அரிது. பல் ஒரு சில்லறை விஷயம் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று நம் பாட்டிமார் சொன்னது வேடிக்கைக்கன்று. தேக பலம் ஒன்றையே மூலதனமாகக் கொண்ட தொழிலாளிக்குச் சோற்றை மெல்லும் சக்தி குறைவது, முதலிலேயே நஷ்டம் வருவதற்கு ஒப்பாகும்.

சொத்தைப் பல்லை யாவரும் அறிவர். தேய்ந்த பல் வேறு. அதற்குக் காரணம் மூன்று. இரவில் தூக்கத்திலே பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கத்தால் பல்லோடு பல் உரைந்து தேயும். செங்கல் பொடி, கரி, சாம்பல் கொண்டு துலக்குவதாலும், ஓயாது பாக்கை மெல்லுவதாலும், தையற்காரர் கத்தரிக்கோலை எடுக்க நேரமின்றி நூலைப் பல்லாலேயே கடித்து அறுப்பதாலும் அந்நியப் பொருள் பட்டுத் தேயும். மூன்றாவது, புளிப்பு. அடிக்கடி குடிக்கும் சோடா பானங்களும், வயிற்றிலிருந்து எதிர்த்து வரும் அமிலமும் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கின்றன. திராவகத் தொட்டியின் ஆவியை வாயால் சுவாசித்துக்கொண்டு வேலை செய்பவருக்கும் இதே கதிதான். முன்பற்களே முதலில் கரையும். எனாமலோ, தடித்த இடத்திலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமே உடையது. எலும்பு முறிந்தால் கூடும். போன எனாமல் மீண்டும் முளைப்பதில்லை.

போனதை நிரப்பிவிட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு விசித்திரமான சங்கடம் உண்டாகிறது. பல் மெதுவாகத் தேயும்போது உடல் சும்மா இருப்பதில்லை. தேய்ந்த அளவுக்குப் பல், தன்னைத் தாங்கும் எலும்போடு சேர்ந்து, எதிர்ப்பல்லை நோக்கி நகர்ந்து வருகிறது. ஆகவே பல் பாதியாகக் குறுகிய பின்னும், வாயை மூடினால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலவே முட்டிக்கொண்டிருக்கும். நிரப்புவதற்குப் பொருள் உண்டு. நிரப்புவதற்கு இடம் இல்லை.

இடம் வேண்டி வைத்தியர்கள் நெடுநாளாகக் கையாண்ட வழிகள் கடுமையானவை. எஞ்சிய பல்லை மேலும் அராவி உறை போடுவது ஒன்று. ஏற்கனவே குறைந்ததை இன்னும் குறைப்பதாகும் இது. ஈறையும் எலும்பையும் வெட்டிப் பல்லை நீளமாக்குவது மற்றொன்று. வாயிலுள்ள பல் அனைத்துக்கும் உறை போட்டுக் கடியை ஒருமிக்க உயர்த்துவது மூன்றாவது. இதன் செலவு கூலிக்காரருடைய கனவுக்கும் எட்டாதது. கடைசி வழி, பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டுவது. ஏழைக்கு இந்தக் கடைசி வழியே முதல் வழியாகிவிடுவதை நாம் காண்கிறோம்.

1975-ம் வருஷத்தில் நார்வே தேசத்தைச் சேர்ந்த டால் என்னும் பல் வைத்தியரும் அவருடைய இரு சகாக்களும் வேறோர் உபாயத்தை வெளியிட்டார்கள். மேல் முன்பற்களின் உட்புறத்தில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகத்தாலான ஒரு சிறு மேடையை அவர்கள் பொருத்தினார்கள். வாயை மூடினால் கீழ் முன்பற்கள் அம்மேடையில் மட்டும் முட்டும். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். சில மாதங்களில் முன்பற்கள் சிறிது எலும்புக்குள் அழுந்தின. தொடுவாரற்று நின்ற கடைவாய்ப் பற்கள் மெல்ல எழுந்து மறுபடியும் கூடின. பிறகு மேடையை எடுத்துவிட்டால் முன்பற்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. எந்தப் பல்லையும் அராவவில்லை. இடத்தை அபகரித்த அதே இயற்கை விதியைக் கொண்டே இடத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்று அந்த உலோக மேடைக்கும் பெரும்பாலும் அவசியமில்லை. பல்லின் நிறத்தையொத்த காம்போசிட் பசையைத் தேய்ந்த பல்லின்மீதே ஒட்டி, வேண்டிய உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். அதுவே மேடை, அதுவே புதுப்பல். ஓரிரு அமர்வுகளில் வைத்தியர் வேலை முடிகிறது. மிச்சத்தை உடலே பார்த்துக்கொள்கிறது. முதற் சில வாரங்கள் மெல்லுவது சிரமம். பேச்சுச் சிறிது குழறும். கடைவாய்ப் பற்கள் மீண்டும் கூட நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். ஆயினும் மிகப் பெரும்பாலோருக்கு இது பலிக்கிறதென்று மேல்நாட்டு வைத்தியர்கள் பல வருஷ அநுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு பகுதியில் மட்டும் தேய்ந்த பற்களுக்கே இது முக்கியமாகப் பொருந்தும். ஈறு நோயால் பல் ஆடுகிறவருக்கும், தாடை மூட்டில் வலியுள்ளவருக்கும், கடைவாய்ப் பற்களை இழந்துவிட்டவருக்கும் வைத்தியர் நன்கு யோசித்தே செய்யவேண்டும். பசை சில வருஷங்களில் தேயும், ஓரம் சிதறும். ஆனால் சிதறியதை மீண்டும் ஒட்டலாம். அராவிப்போன பல்லை எந்த வைத்தியராலும் திரும்பத் தர முடியாது. இந்த ஒரு வித்தியாசமே நமக்குப் போதுமானது.

சொத்தைக்கே தக்க வைத்தியம் கிட்டாத தேசத்தில் தேய்மானத்துக்குச் சிகிச்சை கேட்பது ஆடம்பரம் அல்லவா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உறையும் ரண சிகிச்சையும் கேட்டால் அவ்வாறு சொல்வதில் நியாயம் உண்டு. நாம் கேட்பதோ, சொத்தைக் குழியை அடைக்க உதவும் அதே வகைப் பசையும், அதே கருவிகளும், பயிற்சி பெற்ற கையுமே. தவிர, தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தின்கீழ் வருகிற தொழிலாளி, 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, தம் கூலியில் 0.75 சதவீதத்தைச் சந்தாவாகக் கொடுக்கிறார், முதலாளி 3.25 சதவீதம் கொடுக்கிறார். சந்தா கட்டுகிறவர் கேட்பது பிச்சையன்று, பாத்தியதை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கும், இன்ஷ்யூரன்ஸ் ஆஸ்பத்திரிகளிலும் வருகிற தேய்ந்த பல்லுக்குப் பிடுங்கும் கருவி முதல் பதிலாக இருத்தலாகாது.

இது நிற்க, தொட்டியிலே திராவகம் திறந்தபடி ஆவி விட்டுக்கொண்டிருக்க, பல்லை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலால் வரும் நோய்களை மூன்றாம் அட்டவணையில் குறித்து, அவற்றைக் காணும் வைத்தியர் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டுமென்று விதித்தது. காலக்கிரமத்தில் அப்பட்டியல் 29 நோய்களாக வளர்ந்தது. பஞ்சுத் தூசியால் வரும் மார்பு நோய்க்கு அதில் இடம் கிடைத்தது. இரைச்சலால் வரும் செவிட்டுக்கும் இடம் கிடைத்தது. திராவகத்தால் கரையும் பல்லுக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் தொழில்நோய்ப் பட்டியலிலோ, அமிலங்களால் பற்களுக்கு உண்டாகும் நோய் 1312 என்ற எண்ணுடன் தனியே காணப்படுகிறது. அங்குள்ள தொழிலாளியின் பல்லும் நம் தொழிலாளியின் பல்லும் ஒரே பொருளால் ஆனவை அல்லவா?

தொழிலாளரிடையே வேலை செய்யும் நண்பர்களுக்கு நாம் ஒன்று கூற விரும்புகிறோம். கூலி ஒப்பந்தம் பேச உட்காரும்போது, கோரிக்கைப் பட்டியலில் சில வரிகளை இதற்கும் ஒதுக்குங்கள். திராவகத் தொட்டிக்கு மூடி, ஆவியை வெளியேற்றும் விசிறி, வாய் கொப்பளிக்கக் கையெட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர், ஒவ்வொரு தையல் மெஷினிலும் நூல் வெட்டச் சிறு கத்தரி, வருஷத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை — இவ்வளவே. எந்தப் பட்டறையும் இதனால் மூடப்பட்டுவிடாது. திராவக வேலை செய்பவர் வீடு சென்றதும் உடனே பல் துலக்காமல், முதலில் நீரால் கொப்பளித்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத் துலக்குவது நல்லதென்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அமிலத்தால் இளகிய எனாமலைத் தூரிகை எளிதில் தேய்த்துவிடும்.

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. சபையில் எழுந்து தன் குறையைச் சொல்லவேண்டிய தொழிலாளிக்குச் சொல் போவது அற்ப விஷயமா? சிறிது பொறுமையும் தக்க முறையும் இருந்தால் தேய்ந்த பல்லுக்குத் தாடை இடம் கொடுக்கிறது. சர்க்காரின் அட்டவணையும், ஆஸ்பத்திரியும், முதலாளி கையெழுத்திடும் ஒப்பந்தமும் அவ்வளவாவது இடம் கொடுக்கும்படி செய்வது நம் அனைவருடைய கடமையாகும்.