திருமலைக் கடலும் ஓட்டிசமுடைய சிறாரும்

திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கோணமலை கடலின் மடியில் அமைந்த ஊர். ஒருபால் உலகப் புகழ் வாய்ந்த இயற்கைத் துறைமுகம். மறுபால் அலையெறியும் வங்கக் கடல். தெற்கே மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக்குடா. நகரின் எத்தெருவில் நடப்பினும் சிறிது பொழுதில் நீர் எதிர்ப்படும். இவ்வூர்ச் சிறுவர்க்கு விடுமுறை என்பது கடற்கரை என்பதன் மறுபெயர். ஆயின், அக்கடற்கரை அச்சந்தரும் இடமாகத் தோன்றும் இல்லங்களும் உள. ஓட்டிசமுடைய குழந்தை வாழும் இல்லங்களே அவை. அக்குழந்தையைக் கடலினின்று விலக்கி வைத்தல் காப்பாகுமா, கடலைப் பழக்குதல் காப்பாகுமா என்னும் வினா இத்தகைய துறைமுக நாட்டில் மிகவும் கூர்மையுடையது.

ஓட்டிசம் என்பது நோயன்று; மூளை வளரும் முறையில் அமைந்து வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு வேறுபாடு. அமெரிக்காவிற் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளின் இயல்புகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அடிகோலியது. தனிமையை நாடுதலும், சூழலில் எதுவும் மாறாதிருக்க வேண்டுமென விழைதலும் அவர் கண்ட தலையாய இயல்புகள். பின்வந்த சிலர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணமென்று பழி சுமத்தினர். அப்பழியை 1964இல் நூலெழுதி மறுத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் ஓட்டிசமுடைய ஒரு மைந்தனின் தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகவும் பணியாற்றியவர். தமிழில் இதனை மதியிறுக்கம் என வழங்குவாருமுளர். மதி இறுகியதென்னும் கருத்தை அச்சொல் தருதலால், ஈழத்தில் வழங்கும் ஓட்டிசம் என்னும் சொல்லே ஈண்டு ஆளப்படுகின்றது. இந்நிலை அரிதென்று கருதுவதற்குமில்லை. இலங்கையிற் செய்யப்பெற்று 2009இல் வெளிவந்த ஓராய்வு, 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவர் என்னும் அளவிற் கண்டது.

மாற்றத்தை விரும்பாத குழந்தைக்கு விடுமுறை ஓய்வாக அமைவதில்லை. பாடசாலை மணியும் வகுப்பு ஒழுங்கும் அதன் நாளைத் தாங்கி நிற்கும் தூண்கள். விடுமுறை பிறந்ததும் அத்தூண்கள் சரிகின்றன. மேனாடுகளில் இச்சிறார்க்கெனக் கோடை முகாம்கள் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுள் கடலை இடமாகக் கொண்ட ஒன்று குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியாவைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ், ஆரவாரத்தால் நிலைகுலைந்த தம் மகனைப் பலகையிலேற்றி அலைகளுக்கிடையே கொண்டுசென்றபோது அவன் அமைதியுற்றதைக் கண்டார். 1996 முதல் அவ்வின்பத்தைப் பிறர் குழந்தைகட்கும் அளிக்கும் அமைப்பினை நடாத்தினார்.

திருமலையின் கோடை மேனாட்டுக் கோடை போன்றதன்று. சித்திரை முதல் புரட்டாதி வரை, தென்மேல் கரை கொந்தளிக்கும் காலத்திலே, கீழ்க்கரைக் கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று நிலத்தை வறட்டினும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் காலைநேரத்துக் கடல் பெரும்பாலும் சாந்தமுடையது. இயற்கையே வகுத்துத் தந்த பள்ளிக்காலம் இது.

இனி அச்சத்தின் நியாயத்தையும் நோக்குதல் வேண்டும். ஓட்டிசமுடைய குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஏனைய குழந்தைகளினும் 160 மடங்கு என அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்டனர். சொல்லாது வீட்டைவிட்டு அகன்று செல்லும் இயல்பு இவர்களுட் பலர்க்குண்டு; நீரின் ஒளியும் அசைவும் இவர்களை ஈர்க்கும்; ஆழத்தின் ஆபத்தோ மனத்திற் படுவதில்லை. இவ்வெண்ணைக் கேட்ட பெற்றோர் கதவைத் தாழிடுதல் இயல்பே. ஆயின் எத்தாழும் ஒருநாள் திறந்திருக்கும். அன்று கடலை அறியாத குழந்தை கடலை அடைவதினும், மிதக்கவும் கரைநோக்கித் திரும்பவும் அறிந்த குழந்தை அடைதல் நன்று. காவல் அதனாலே தளரலாகாது. நீந்தத் தெரிந்த குழந்தைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் வேண்டும்.

கற்பிக்கும் வழி என்னை? 1949இல் இலண்டனில் ஜேம்ஸ் மக்மில்லன் என்பவர் ஹாலிவிக் பாடசாலையின் உடற்குறையுடைய சிறுமியர்க்கு நீச்சல் பழக்க வகுத்த முறை இன்றும் பல நாடுகளிற் பயில்கின்றது. அம்முறையிலே தக்கையோ மிதவையோ இல்லை. ஒரு மாணவர்க்கு ஓர் ஆசிரியர் நீரிலிறங்கித் தம் கையால் தாங்குவார். முதற்படி நீச்சலன்று; நீரோடு மனம் இசைதல். நீர்மேல் ஊதுதல், முகத்தை நனைத்தல், நீருள் மூச்சு விடுதல் ஆகியன விளையாட்டாகவும் பாட்டாகவும் நிகழும். பின்னர் உடல் புரண்டால் மீண்டும் மல்லாந்து மூச்சுவாங்கும் நிலைக்கு வரப் பழக்குவர். மாணவர் தேறத் தேற ஆசிரியர் கை சிறிது சிறிதாக விலகும். கை வீசி நீந்துதல் பத்துப் படிகளின் ஈற்றிலேதான் வரும். தாய்வானில் ஓட்டிசமுடைய 16 சிறுவரிடத்து 10 வார நீச்சற் பயிற்சியை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த கட்டுரை, நீர்த்திறனோடு அவர்தம் சமூக நடத்தையும் சீருற்றதாகக் கூறுகின்றது. சிறுவர் தொகை சிறிதாதலின் அதனைப் பெரிதாக்கிப் பேசுதல் பொருந்தாது, எனினும் புறக்கணித்தற்குரியதுமன்று.

இம்முறை திருமலை மணலில் இறங்குங்கால் சில ஒழுங்குகள் வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷொப்லர் தொடங்கிய கல்வித்திட்டம், அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் குழந்தைக்கு முன்னரே காட்டும் வழக்கத்தைப் பரப்பிற்று. செருப்பு, மணல், நீர், துவாய், பணிஸ், வீடு என ஆறு படங்கள் ஓர் அட்டையிற் போதும். ஒரே இடம், ஒரே ஆசிரியர், வெயில் ஏறுமுன் ஒரே நேரம். ஈர மணல் காலிற் படுதலையே தாங்காத குழந்தையும் உண்டு. அதற்கு முதல்வாரப் பாடம் பாயிலிருந்து கடலைப் பார்த்தல் மட்டுமே. நீருக்குள் இழுத்துவிட்டால் பழகிவிடும் என்னும் மாமன்மாரின் கொள்கை இங்கு ஆகாது.

கடற்றொழிலும் இதற்குத் துணையாகும். கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் தாளத்துக்கு ஒருங்கே அடிபெயர்க்கின்றனர். பாரமானதை இழுத்தல் தசைக்கும் மூட்டுக்கும் தரும் அழுத்தம் இச்சிறாருட் பலரை அமைதிப்படுத்தும். மாறாத தாளமோ அடுத்து வருவது யாதென முன்னரே உணர்த்தும். முகம்நோக்கி உரையாட இயலாத இளைஞன், கயிற்றைப் பிடித்த பத்துப் பேருள் ஒருவனாக நிற்றல் கூடும். கடலை ஒவ்வாதவர்க்குப் பிறெடெரிக் கோட்டையுள் உலவும் புள்ளிமான்கள் உள. கன்னியாவில் வெம்மையால் வேறுபட்ட ஏழு வெந்நீர்க் கிணறுகளும் உள. எண்ணிக்கையில் இன்புறும் குழந்தைக்கு அவ்வேழும் ஒரு விருந்து. ஆயின் ஒலிபெருக்கி முழங்கும் திருவிழா நாள்களை விலக்குதல் வேண்டும். பிறர்க்கு மங்கல ஒலியாவது இவர் செவிக்கு வலியாதலும் உண்டு.

ஓட்டிசமுடைய மும்பைச் சிறுமி ஜியா ராய் 2022 மார்ச் 20இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 29 கிலோமீற்றரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அவர் தந்தை இந்தியக் கடற்படையினர். ஈழத்துக் கரையில் தொடங்கிய இச்சாதனை போற்றத்தக்கதே. ஆயினும் அதனை ஏனைய குழந்தைகட்கு அளவுகோலாக்குதல் கொடுமை. ஓராண்டு முயன்று முழங்காலளவு நீரில் மல்லாந்து மிதக்கக் கற்ற குழந்தை, தன் உயிரைக் காக்கும் வித்தையிற் பாதியைக் கற்றுவிட்டது.

விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் ஏனையோரோடு ஒப்பப் பங்குகொள்ளும் உரிமையை, மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை அதனை 2016இல் ஏற்றுறுதி செய்தது. இத்திட்டத்துக்குப் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. பொறுமையுடைய பத்து நீச்சலாளரும் அவர்க்குச் சில வாரப் பயிற்சியும் வேண்டும். நீச்சலாளர்க்குத் திருமலையிற் பஞ்சமில்லை. அவர்க்குரிய பயிற்சி பங்குனியில் முடிந்தாற்றான் சித்திரையிற் பாடம் தொடங்கலாம். ஐப்பசியில் மழையும் வாடையும் வந்தால் உப்புவெளிக் கடல் மீண்டும் புரளத் தொடங்கும். அதன்பின் அடுத்த சித்திரை வரை காத்திருத்தல் வேண்டும்.